கேம் பழுதா, நாமா? 'சேக்ரட் ஸ்டோன்ஸ்' கோளாறுகளும் கைவைத்தியமும்

"மாமா, இந்த கேம் பழுது" என்று அக்காவின் மகன் கேம்பாயை என்னிடம் நீட்டியது மூன்று தடவை. முதல் தடவை குற்றம் சார்ஜரில் இருந்தது. இரண்டாம் தடவை வெள்ளவத்தைக் கடற்காற்றில் இருந்தது. மூன்றாம் தடவை எதிலும் குற்றமில்லை. நான்கு அத்தியாயங்களுக்கு முன்னால் அவன் செய்த ஒரு சில்லறைத் தவறு அன்றைக்கு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து வாசலில் நின்றது.

'ஃபயர் எம்ப்ளம்: த சேக்ரட் ஸ்டோன்ஸ்' அப்படிப்பட்ட விளையாட்டு. காய்ச்சல் இன்றைக்குத் தெரியும். கிருமி போன வாரமே புகுந்திருக்கும். இன்டெலிஜன்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கி, கேம்பாய் அட்வான்ஸுக்காக நிண்டெண்டோ 2004இல் ஜப்பானிலும் 2005இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட்டது. ரெனெய்ஸ் நாட்டு இரட்டையர் ஏரிக்காவும் எஃப்ரெயிமும்தான் தலைவர்கள். கட்டம் கட்டமான போர்க்களம், ஆளுக்கொரு முறை, இறந்தவர் இறந்தவரே. அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரமாட்டார். இருபது வருடங்கள் கழிந்தும் கொழும்பில் இது கைமாறிக்கொண்டே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வருகிற யாரோ ஒரு சித்தப்பாவின் பெட்டியில், சாக்லேட்டுகளுக்கு அடியில், பழைய கேம்பாய் ஒன்று இருந்துவிடுகிறது.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து படித்தால் போதும். கருவியைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும், நம்மைச் சோதிக்க நேரம் பிடிக்கும். ஆகையால் கருவி முதலில்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது சார்ஜர் சூடாகி நாறுகிறது

சுவரிலிருந்து உடனே பிடுங்குங்கள். பிறகு சார்ஜரைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கேம்பாய் அட்வான்ஸின் மடித்து மூடும் வடிவம்தான் கேம்பாய் எஸ்.பி. வட அமெரிக்காவில் விற்ற அதன் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. கைத்தொலைபேசி சார்ஜர்கள் இரண்டையும் தாங்கித் தாங்கி நம்மைக் கெடுத்துவிட்டன. எல்லாச் சார்ஜரும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். பின்னை மாற்றிக் கொடுக்கும் சின்னச் செருகி மின்னழுத்தத்தை மாற்றாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கனடாவிலிருந்து வந்த சார்ஜர் ஒன்றை என் கையாலேயே செருகிக் கொன்றவன் நான்.

இங்கிலாந்திலிருந்து வந்த சார்ஜர் என்றால் கவலையில்லை. அங்கேயும் 230தான், மூன்று சதுரப் பின்னும் நம் புதிய வீடுகளில் நேராக நுழையும். முதல் நிண்டெண்டோ டி.எஸ். கருவியின் சார்ஜரும் எஸ்.பி.க்குப் பொருந்தும், பழைய சாமான் விற்கும் இடங்களில் அந்தப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

சார்ஜர் சரியாக இருந்தும் செம்மஞ்சள் விளக்கு எரியவில்லையா? பின்பக்கம் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் பற்றரி தெரியும். அது பருத்து உப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. மூடியை அழுத்திப் பூட்டாமல் எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். நல்ல பற்றரி விளக்கு எரிந்தபடியே ஏறக்குறைய பத்து மணிநேரம் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவித்தபோது எங்கள் வீட்டில் கடைசிவரை வெளிச்சம் தந்தது இந்தப் பெட்டிதான்.

'கேம்பாய்' என்ற எழுத்து வந்து, அப்படியே நின்றுவிடுகிறது

கருவிக்கு உயிர் இருக்கிறது, கசெட்டை அதனால் வாசிக்க முடியவில்லை என்று அர்த்தம். கசெட்டுக்குள் பதிந்திருக்கும் நிண்டெண்டோ சின்னத்தைக் கருவி முதலில் சரிபார்க்கும். அது ஒத்துப்போகாவிட்டால் மேலே நகராது.

காலி வீதிக்குக் கடல் பக்கம் குடியிருப்பவர்கள் கதவுக் கீல் துருப்பிடிக்கும் வேகத்தை அறிவார்கள். கசெட்டின் பித்தளை நிறப் பற்களுக்கும் அதே கதிதான். ஊதாதீர்கள். ஊதினால் உள்ளே போவது காற்றல்ல, எச்சில். பார்மசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பற்களின் நீளவாக்கில் தேயுங்கள். குச்சி கறுத்தால் அடுத்த குச்சி. குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை தேய்த்து, ஐந்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். கருவியை அணைத்த பிறகே செருகுவதும் பிடுங்குவதும்.

இன்னும் வரவில்லையென்றால் வேறு கசெட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் குற்றம் கருவியின் வாயில். டி.எஸ். அல்லது டி.எஸ். லைட் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதிலும் சோதிக்கலாம். இரண்டிலும் கேம்பாய் அட்வான்ஸ் கசெட்டுக்கு இடம் உண்டு. டி.எஸ்.ஐ.யிலும் 3டி.எஸ்.ஸிலும் கிடையாது, தேடிக் களைக்க வேண்டாம். எந்த நாட்டுக் கசெட்டும் எந்த நாட்டுக் கேம்பாயிலும் ஓடும். "இது அமெரிக்கக் கசெட், அதனால் ஓடாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஆடியதெல்லாம் அழிந்துவிட்டது

இந்த முறைப்பாட்டைக் கேட்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி: வீட்டில் வேறு யாரும் ஆடினார்களா?

கசெட்டில் சேமிக்கும் இடங்கள் மூன்று. அத்தியாயம் முடியும்போது அவற்றில் ஒன்றில் எழுதலாம். ஆனால் அத்தியாயத்தின் நடுவே நிறுத்தினால் திரும்பி வருவதற்கான 'ரெஸ்யூம்' இடம் ஒன்றே ஒன்று. மூன்று பேருக்கும் பொது. நீங்கள் ஐந்தாம் அத்தியாயத்தின் பாதியில் அணைத்துவிட்டு ரியூசனுக்குப் போகிறீர்கள். தம்பி எடுத்துத் தன் இடத்தில் ஆடுகிறான். உங்கள் பாதி ஆட்டத்தின் மேல் அவனுடைய பாதி ஆட்டம் ஏறி உட்கார்ந்துவிடும். அவன் எதையும் அழிக்கவில்லை, அடிக்காதீர்கள். உங்கள் பழைய அத்தியாயச் சேமிப்பு பத்திரமாக இருக்கும். அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து ஆடினால் போதும்.

யாரும் தொடவில்லை, மூன்று இடமும் வெறுமை என்றால் அது வேறு நோய். ஆடும்போது எல்லாம் சேமித்ததாகக் காட்டி, அணைத்துப் போட்டதும் வெறுமையாக நின்றால், கசெட்டுக்குள் சேமிப்பைக் காக்கும் நாணயப் பற்றரி தீர்ந்திருக்கலாம். மூன்று சிறகுள்ள திருகாணியைக் கழற்றினால் உள்ளே தெரியும். அதை மாற்ற ஈயப் பற்றுவைப்பு தேவை. செலோடேப் ஒட்டி வைத்த பற்றரி காலி வீதிப் பஸ்ஸின் ஒரு பிரேக்குக்குத் தாங்காது. கைத்தொலைபேசி திருத்துகிறவரிடம் கொடுத்தால் சிறிது நேரத்தில் செய்துவிடுவார். பழைய பற்றரியைக் கழற்றும் கணத்தில் மிச்சமிருக்கும் சேமிப்பும் போய்விடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம், போலி. என்னுடைய முதல் கசெட் புறக்கோட்டையில் ஒரு கடையில் வாங்கியது. ஒவ்வொரு அத்தியாயமும் சேமிக்கும், எட்டாம் அத்தியாயம் தாண்டினால் உறைந்து நிற்கும். மூன்று முறை முதலிலிருந்து ஆடினேன். விலை குறைந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. உண்மையான கசெட்டின் ஒட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அச்சுக்கு மேல் லேசாக அழுத்திப் பதித்த இரண்டு இலக்கங்கள் தெரியும். பற்களுக்கு மேலே உள்ள இடுக்கில் எட்டிப் பார்த்தால் பலகையில் நிண்டெண்டோ பெயர் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் துடைப்பதும் பற்றுவைப்பதும் வீண்.

அணைத்துப் போட்டுத் திரும்ப ஆடினாலும் அதே அடி, அதே சாவு

இங்கிருந்து பழுது கருவியில் இல்லை.

ஏரிக்கா அடித்த அடி தவறியது. கோபத்தில் அணைத்துவிட்டு 'ரெஸ்யூம்' அழுத்துகிறீர்கள். தவறிய அடிக்குப் பிந்திய கணத்தில்தான் திரும்பி வந்து நிற்பீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஆள் நகர்ந்த பின்னும் விளையாட்டு தன்பாட்டில் குறித்துக்கொள்கிறது. சண்டை தொடங்குவதற்கு முந்திய குறிப்பிலிருந்து வந்தாலும் நிலைமை அதுவே: அதே ஆள், அதே எதிரி, அதே தவறு. அடி விழுவதும் தவறுவதும் ஓர் எண்வரிசையிலிருந்து வருகிறது. அந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதையும் சேர்த்தே கசெட் சேமிக்கிறது. தலையெழுத்தை சுவிட்சை அணைத்து அழிக்க முடியாது.

ஆனால் வரிசையில் முன்னால் நகரலாம். முதலில் வேறொருவரை வேறோர் எதிரியோடு மோதவிடுங்கள். அந்தச் சண்டை சில எண்களைத் தின்றுவிடும், உங்கள் ஏரிக்காவுக்கு அடுத்த எண்கள் கிடைக்கும். இன்னொரு தந்திரமும் உண்டு. ஓர் ஆளைத் தேர்ந்து, நகரும் பாதையைக் காட்டும் அம்பை இங்குமங்கும் வளைத்து இழுத்தால், விளையாட்டு பாதையை மறுபடி வரையும்போதும் எண்கள் செலவாகும். பிறகு பி பொத்தானால் ரத்துச் செய்துவிட்டு உண்மையான நகர்வைச் செய்யலாம். இது ஏமாற்று வேலையா என்று மருமகன் கேட்டான். பரீட்சையில் கடினமான கேள்வியைத் தள்ளிவைத்து அடுத்ததை முதலில் எழுதுவது ஏமாற்றா என்று திருப்பிக் கேட்டேன். அவன் அம்மா அந்தப் பக்கம் வந்ததால் விவாதம் அங்கேயே நின்றது.

தொண்ணூறு என்று காட்டுகிறது, தவறுகிறது. எதிரிக்கு முப்பது, விழுகிறது

"இந்த கேம் பொய் சொல்கிறது" என்ற குற்றச்சாட்டு முழுக்க உண்மை. எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்பதில்தான் தவறு.

திரையில் காட்டும் வீதத்துக்கு எதிராக விளையாட்டு ஒரு பகடை உருட்டுவதில்லை, இரண்டு உருட்டுகிறது. இரண்டின் சராசரியை எடுக்கிறது. சராசரி எப்போதும் நடுவை நோக்கி இழுக்கும். ஆகவே பெரிய வீதம் இன்னும் பெரிதாகிறது, சின்னது இன்னும் சின்னதாகிறது. திரையில் 90 என்றால் உண்மையில் 98க்குச் சற்று மேல். 80 என்பது 92. 70 என்பது 82. ஐம்பது கிட்டத்தட்ட ஐம்பதாகவே நிற்கும். கீழே இறங்கினால், 30 என்பது வெறும் 18, 20 என்பது 8, 10 என்பது 2. நம் ஆட்கள் பெரும்பாலும் எழுபதுக்கு மேல் அடிக்கிறார்கள், எதிரிகள் பெரும்பாலும் ஐம்பதுக்குக் கீழ். விளையாட்டு நம் பக்கம் தராசைச் சாய்த்து வைத்திருக்கிறது. தவறிய அந்த இரண்டை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

உயிர்நிலை அடிக்கு, அதாவது கிரிட்டிக்கலுக்கு, இந்தச் சலுகை கிடையாது. அதற்கு ஒரே பகடை. மூன்று வீதம் என்றால் உண்மையான மூன்று வீதம், மும்மடங்கு சேதம். ஒருவரின் உயிர் தொங்கும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டிய எண் கிரிட்டிக்கல். நம்மில் பலர் அந்த வரியை வாசிப்பதே இல்லை.

வீதமே குறைவாகக் காட்டினால் ஆயுத முக்கோணத்தைப் பாருங்கள். வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை, ஈட்டி வாளை. சரியான பக்கம் நின்றால் குறி 15 கூடும், தவறான பக்கம் நின்றால் 15 குறையும். இரு பக்கமும் கணக்குப் போட்டால் வித்தியாசம் முப்பது. எதிரி காட்டுக்குள் நின்றால் இன்னும் 20 குறையும். அதே காட்டை நீங்களும் பயன்படுத்தலாம். கோட்டைக் கட்டம் இன்னும் நல்லது. தப்பும் வீதத்தோடு பாதுகாப்பும் தந்து, முறை தொடங்கும்போது காயத்தையும் ஆற்றும்.

இரண்டு தடவை அடித்துக்கொண்டிருந்தவள் இப்போது ஒரு தடவைதான் அடிக்கிறாள்

கையில் என்ன கொடுத்தீர்கள்?

பறக்கும் குதிரைக்காரி வனெஸ்ஸாவை எடுத்துக்கொள்வோம். வரும்போது அவளுடைய வேகம் 11, உடற்கட்டு 5. மெல்லிய ஈட்டியின் எடை 4. உடற்கட்டு தாங்கும், வேகம் 11 ஆகவே நிற்கும். இரும்பு ஈட்டியின் எடை 8. மூன்று கூடுதல், வேகம் 8. எறி ஈட்டி 11. ஆறு கூடுதல், வேகம் ஐந்தாகிவிடும். எதிரியைவிட வேகம் நான்கு அதிகம் இருந்தால்தான் இரண்டாவது அடி. எறி ஈட்டி கொடுத்தவுடன் வனெஸ்ஸா இரண்டாவது அடியை இழப்பதோடு, அவளை எதிரிகள் இரண்டு தடவை அடிக்கவும் தொடங்குவார்கள். தூரத்திலிருந்து பாதுகாப்பாக அடிக்கட்டும் என்றுதான் கொடுத்திருப்பீர்கள்.

உடற்கட்டு நிலை ஏறும்போது ஏறாது. வகுப்பு உயரும்போது கொஞ்சம் கூடும். எனவே ஒல்லியானவர்களுக்கு உருக்கு ஆயுதம் பரிசல்ல, தண்டனை. ஆளின் மேல் குறியை வைத்து ஆர் பொத்தானை அழுத்தினால் எல்லா எண்ணும் விரியும். ஆயுதத்தின் மேல் வைத்து அழுத்தினால் அதன் எடையும் தெரியும். இந்த விளையாட்டில் ஆர் பொத்தான் தேய்ந்தவர்கள்தான் வெல்கிறார்கள்.

பத்தாம் அத்தியாயம் வந்துவிட்டது, எல்லாரும் நோஞ்சான்கள்

இதுதான் மருமகனின் மூன்றாம் பழுது. அவனுடைய படையைத் திறந்து பார்த்தேன். சேத் மலைபோல் நின்றார். மற்றவர்கள் அவர் நிழலில் நின்ற கத்தரிச் செடிகள்.

குதிரைவீரர் சேத் தொடக்கத்திலேயே உயர் வகுப்பில், கையில் வெள்ளி ஈட்டியோடு வருகிறார். முன்னுரை அத்தியாயத்தின் கோடரிக்காரர்கள் அவருக்குக் கொசு. ஆனால் உயர் வகுப்பினர் சிறு எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளிகள் துளித்துளியாகத்தான் கிடைக்கும். அதே எதிரியை இளம் குதிரைவீரன் ஃப்ரான்ஸோ ஏரிக்காவோ முடித்திருந்தால் வாளி நிறையக் கிடைத்திருக்கும். எதிரிகளின் எண்ணிக்கை எண்ணி வைத்தது. சேத் கொன்ற ஒவ்வொருவனும் வேறொருவர் சாப்பிடாமல் போன சோறு. அதோடு அந்த வெள்ளி ஈட்டிக்கு ஆயுள் இருபது அடி. கொள்ளைக்காரர்கள் மேல் தீர்த்துவிட்டால் கவசக்காரர்கள் வரும்போது கை வெறுமை.

இதைக் கேட்டுச் சிலர் எதிர்முனைக்கு ஓடுகிறார்கள். சேத்தைத் தொடவே மாட்டோம் என்று விரதம் எடுக்கிறார்கள். அதுவும் மடமை என்பேன். சேத்தின் வளர்ச்சி வீதம் நன்றாகவே இருக்கிறது, கடைசி அத்தியாயம்வரை தோள் கொடுப்பார். அவரிடமிருந்து வெள்ளியை வாங்கிவிட்டு இரும்பு கொடுங்கள். முன்னால் நிறுத்தி அடி வாங்கவிடுங்கள், எதிரியைக் காயப்படுத்தவிடுங்கள். கழுத்தைத் திருகும் வேலை மட்டும் பிள்ளைகளுக்கு. கல்யாண வீட்டில் பெரியவர் பந்தியை மேற்பார்க்கிற மாதிரி அவர் நிற்க வேண்டும்.

ஏற்கெனவே பத்தாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் வழி அடைபடவில்லை. உலக வரைபடத்தில் பூதங்கள் தோன்றும் இடங்களுக்கும் வால்னி கோபுரத்துக்கும் போய்ப் பயிற்சி எடுக்கலாம். கோபுரம் எட்டு மாடி. முதல் இரண்டு மாடிகளையே திரும்பத் திரும்ப ஏறுங்கள். சுயமரியாதைக்காரர்கள் கோபுரத்துக்குப் போவதை இழுக்கு என்பார்கள். அவர்கள் சேத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள்.

ரோஸ் தனிக் கதை. அவன் பயிலுநர், கைக்கோடரியோடு வரும் சின்னப் பையன், எதைத் தொட்டாலும் சாகப் பார்ப்பான். அரியணையில் இருந்து நகராத எதிரித் தலைவனிடம் தூரத்தில் அடிக்கும் ஆயுதம் இல்லையென்றால், இரண்டு கட்டம் தள்ளி நிறுத்திக் கைக்கோடரியை எறியவிடுங்கள். பத்தாம் நிலை எட்டியதும் அடுத்த களத்துக்குப் போகையில் தானாக உயர்வான்: போர்வீரன் அல்லது கடற்கொள்ளையன். அதற்குமேல் இன்னோர் உயர்வும் உண்டு. ஆகவே மற்றவர்களைவிட அவனுக்கு ஏற ஒரு படி அதிகம். பொறுமை இருந்தால் வளருங்கள். இல்லையென்றால் அவனுடைய தகப்பன் கார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள், மனச்சாட்சி உறுத்தாது.

சேர வேண்டிய ஆள் சேரவில்லை

சிலர் தானாக வருவார்கள், சிலரைப் பேசித்தான் அழைக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் ஏரிக்கா ரோஸிடம் பேச வேண்டும், ரோஸ் கார்சியாவிடம். மூன்றாவதில் திருடன் கோல்மிடம் வில்லாளி நெய்மி பேச வேண்டும். நான்காவதில் லூட் என்ற மந்திரக்காரி குடியிருப்பொன்றுக்குள் இருக்கிறாள். அத்தியாயம் முடிவதற்குள் போய்க் கதவைத் தட்டாவிட்டால் அவள் இல்லை.

ஐந்தாவதில்தான் அதிகம் பேர் வழுக்குவார்கள். எதிரிப் படையில் ஒரு வாள்வீரன் வருவான், பெயர் ஜோஷுவா. மற்ற எதிரிகளுக்குப் பொதுவான முகம், இவனுக்குத் தனி முகம். தனி முகம் கண்டால் கையை இறக்குங்கள். அவனை நடாஷாதான் பேசித் திருப்ப வேண்டும். அவளோ சண்டை தெரியாத மருத்துவக்காரி. அவன் கையில் கிரிட்டிக்கலுக்கென்றே அடித்த வாள். அவளை நடந்துபோகவிட்டு அவன் எல்லைக்குள் ஒரு முறை நிறுத்தினாலும் ஆபத்து. எதிரியின் மேல் ஏ பொத்தானை அழுத்தினால் அவன் எட்டும் கட்டங்கள் தெரியும். நடாஷாவை அதற்கு வெளியே, 'ரெஸ்கியூ' கட்டளையால் சேத்தின் குதிரையில் ஏற்றி வைத்திருங்கள். அடுத்த முறையில் ஜோஷுவா சேத்தை நோக்கி வந்து மோதுவான். வைத்தியர் மோல்டரின் குணப்படுத்தும் கோலோடு சேத் தாங்கிக்கொள்வார். ஆனால் அப்போதுதான் நடாஷாவை அவன் பக்கத்தில் இறக்கிவிட்டால் உடனே பேசவைக்க முடியாது. இறக்கப்பட்டவள் நகராமல் நின்றிருந்தாலும் அந்த முறை அவளுடையதாக எஞ்சியிருக்காது. ஆகவே அவன் மோதும் இடத்திலிருந்து அவள் நடந்தே எட்டும் தூரத்தில், அவன் எல்லைக்கு ஒரு கட்டம் வெளியே, அவன் மோத வருமுன்பே அவளை இறக்கிவைப்பதுதான் சூட்சுமம். அவன் எல்லையைக் கடந்து வந்ததும் அவள் நான்கு எட்டு வைத்துப் பேசிவிடுவாள்.

அதே களத்தில் ஒரு பந்தய அரங்கும் இருக்கிறது. உள்ளே செத்தாலும் சாவு சாவுதான். தோற்கிற மாதிரித் தெரிந்தால் பி பொத்தானை அழுத்துங்கள். பந்தயப் பணம் போகும், ஆள் மிஞ்சுவார். என் கவசக்காரன், ஆறாம் நிலை கில்லியமை நான் அங்கேதான் புதைத்தேன்.

பறக்கிறவள் ஒரே அம்பில் விழுந்தாள்

வில் பறப்பவர்மேல் மும்மடங்கு வலிமை. எல்லையை ஏ பொத்தானால் பார்த்துவிட்டு நகர்த்துங்கள். ஆறாம் அத்தியாயத்தில் மூடுபனி இருப்பதால் பார்க்கவும் முடியாது. அங்கே வனெஸ்ஸா பின்வரிசையில் இருக்கட்டும். கோல்ம் திருடன், பனியில் மற்றவர்களைவிடத் தூரம் தெரியும். அவனுக்குப் பக்கத்தில் கவசக்காரன் ஒருவனை நிறுத்தி முன்னே அனுப்புங்கள்.

என் முறை தானாக முடிந்துவிடுகிறது

அமைப்புகளில் 'ஓட்டோ எண்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசி ஆள் நகர்ந்த கணமே முறை எதிரியிடம் போய்விடும். 100ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சாரதி போடும் பிரேக் நேராக ஏ பொத்தானில் வந்து விழும்.

ஏரிக்கா இருபதாம் நிலை, மாஸ்டர் சீல் கையில், உயர மறுக்கிறாள்

மறுக்கத்தான் செய்வாள். மாஸ்டர் சீல் வகுப்பை உயர்த்தும் பொருள், ஆனால் இரட்டையர் இருவருக்கும் அது செல்லாது. கதையின் போக்கில் அவர்களுக்கென்றே வரும் பொருள் வேண்டும். அதுவரை கொலைகளை வேறு யாருக்காவது விட்டுக்கொடுங்கள், இருபதில் நிற்பவளுக்கு அனுபவம் ஏறாது.

மற்றவர்களுக்குப் பத்தாம் நிலையிலிருந்து உயர்வு கிடைக்கும், பொருள் பொருந்த வேண்டும். குதிரைவீரருக்கும் கவசக்காரருக்கும் நைட் கிரெஸ்ட். கூலிவீரர், வாள்வீரர், கோடரிக்காரருக்கு ஹீரோ கிரெஸ்ட். வில்லாளிக்கு ஓரியன்ஸ் போல்ட். பறப்பவருக்கு எலிசியன் விப். மந்திரமும் கோலும் ஏந்துபவருக்கு கைடிங் ரிங். திருடருக்கும் கடற்கொள்ளையருக்கும் ஓஷன் சீல். பத்தில் உயர்த்துவதா இருபதுவரை காத்திருப்பதா என்பது வெள்ளவத்தையில் எந்தப் புட்டுக்கடை நல்லது என்பதைப் போன்ற சண்டை. நான் பொதுவாகப் பதினைந்து, பதினாறில் உயர்த்திவிடுவேன். மோல்டரை மட்டும் பத்திலேயே. வைத்தியருக்கு வயது பார்க்கக் கூடாது.

கடைசிக்கு முந்திய களத்தில் மிர்ரின் கல் உடைந்துவிட்டது

டிராகனாக மாறும் சிறுமி மிர், தன் கல்லைக் கொண்டுதான் சண்டையிடுவாள். அதற்கு ஆயுள் 50 அடி. பூதங்களுக்கு எதிராக அதற்கு இணையில்லை. அதனால்தான் எல்லாரும் அவளைக் கோபுரத்தில் ஓடவிட்டுக் கல்லைத் தீர்த்துவிடுகிறார்கள். எதிரி தாக்கும்போது அவள் திருப்பி அடிப்பதும் கணக்கில் சேரும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கல் தீர்ந்தபின் செய்ய ஒன்றுமில்லை. அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, புனித ஆயுதங்களை ஏந்தக்கூடிய நான்கு பேரைத் தயார் செய்யுங்கள். கல் இன்னும் இருந்தால், இப்போதே ஆர் பொத்தானை அழுத்தி எத்தனை மிச்சம் என்று பாருங்கள். மருமகனிடம் ஒன்பது இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டபோதும் ஒன்பதுதான்.